உலுக்கு: ஒரு வினைச்சொல்லுக்குப் பொருள் எழுதிய பணிக்குறிப்பு

ஐந்து வாரங்களாக என் மேசையை அடைத்துக்கொண்டிருந்த ‘உலுக்கு’ அட்டைக் கட்டுக்கு நேற்று இரவு ரப்பர் வளையம் போட்டுப் பெட்டியில் வைத்தேன். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்காக, அன்றாடம் புழங்கும் 300 வினைச்சொற்களுக்கு எளிய பொருளும் எடுத்துக்காட்டும் தரும் கையேடு ஒன்றைத் தொகுத்து வருகிறேன். ஒரு வினைக்கு ஒரு மணி நேரம், கடினமானதென்றால் மூன்று மணி நேரம் என்பது என் வழக்கமான கணக்கு. ‘உலுக்கு’ மட்டும் 41 மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. அந்த நேரம் எங்கே போயிற்று, எங்கெங்கே வழி தவறினேன், கடைசியில் எது கைகொடுத்தது என்பதை நினைவு மங்கும் முன் எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் எழுதிய பொருள் ஒரே வரி: “உலுக்கு – வேகமாக ஆட்டு, திடீரென்று அசை.” பத்து நிமிடத்தில் எழுதி முடித்து, சரியாகத்தான் இருக்கிறது என்ற எண்ணத்தோடு, கையேட்டை எனக்காகச் சோதித்துப் பார்க்கும் மாணவியிடம் கொடுத்தேன். ஒவ்வொரு வினைக்கும் அவர் ஐந்து வாக்கியங்கள் எழுதித் தருவார். இந்த வினைக்கு அவர் எழுதியவற்றில் மூன்று இவை: “அம்மா தொட்டிலை உலுக்கிக் குழந்தையைத் தூங்க வைத்தாள்.” “மருந்து பாட்டிலை நன்றாக உலுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும்.” “நாய் என்னைப் பார்த்து வாலை உலுக்கியது.”

மூன்றும் தவறு. தொட்டிலை ஆட்டுவார்கள், பாட்டிலைக் குலுக்குவார்கள், நாய் வாலை ஆட்டும். தொட்டிலை உலுக்கினால் தூங்குகிற குழந்தையும் அலறி எழுந்துவிடும். ஆனால் இதைச் சொன்னபோது அவர் என் வரியைச் சுட்டிக்காட்டி, “வால் வேகமாகத்தான் ஆடுகிறது, சார். நீங்கள் கொடுத்த பொருளைத்தான் நான் எழுதியிருக்கிறேன். எதில் தவறு?” என்று கேட்டார். தவறு அவருடைய வாக்கியத்தில் இல்லை, என் வரியில் இருந்தது. அவருக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறந்ததிலிருந்து பேசி வரும் சொல்லைப் பற்றி எனக்குள்ளே இருந்த அறிவு, கேள்வி கேட்டால் வெளியே வராத இடத்தில் இருந்தது. அதை வெளியே எடுப்பதற்காகத்தான் அட்டைகளை வாங்கி வைத்தேன்.

கருவிகள் எளியவை. ஐந்துக்கு மூன்று அங்குல அட்டைகள், பென்சில், ஐந்து நிற ரப்பர் வளையங்கள், அட்டைகளை நிறுத்தி வைக்க ஒரு செருப்புப் பெட்டி; இவை தவிர, என்னிடம் கணினியில் எழுத்துக் கோப்புகளாக இருந்த கதைகள், கட்டுரைகள், செய்திகள். ஓர் அட்டையில் ஒரு வாக்கியம் மட்டும் என்பது விதி. மேல் வலது மூலையில் யார் உலுக்கினார் என்பதையும், கீழ் இடது மூலையில் எது உலுக்கப்பட்டது என்பதையும் எழுதினேன்.

முதல் தவறு தேடும்போதே நடந்தது. கோப்புகளில் ‘உலுக்கு’ என்று தட்டித் தேடினேன். வந்தவை மிகக் குறைவு. அவையும் பெரும்பாலும் ‘உலுக்கும்’, ‘உலுக்குகிறது’ என்பவையே. தமிழில் கதையும் செய்தியும் நடந்து முடிந்ததைத்தான் அதிகம் சொல்கின்றன, இந்த வினையின் இறந்தகால வடிவம் ‘உலுக்கினான்’, ‘உலுக்கிய’, ‘உலுக்கி’ என்றே வரும். கடைசி எழுத்தில் உகரக் குறியோடு தேடினால் இகரக் குறியோடு இருப்பவை கண்ணில் படாது. இது தெரியாமல் ஒரு மாலைப் பொழுது முழுவதும் இந்த வினை அருகிவிட்டதோ என்றுகூட நினைத்துவிட்டேன். பிறகு ‘உலுக்’ என்று புள்ளியோடு நிறுத்தித் தேடியதும் வடிவங்கள் அனைத்தும் வரத் தொடங்கின.

அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. சில எழுத்தாளர்கள் சொற்களைச் சேர்த்து எழுதுவார்கள். “தோளைப் பிடித்துலுக்கினான்” என்று எழுதினால் உகரம் முந்தைய எழுத்தோடு கலந்துவிடும், உயிரெழுத்தாகிய ‘உ’ அங்கே இருக்காது. அதற்காக ‘லுக்க’ என்ற துண்டைத் தேடினேன். திரையில் கடலுக்கு, பாலுக்கு, தேர்தலுக்கு, வாசலுக்கு என்று நான்காம் வேற்றுமைச் சொற்கள் கொட்டின, நடுவில் வலுக்கட்டாயங்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கி ஏறக்குறைய மூன்று மணி நேரத்தைச் செலவழித்த பிறகுதான், வேற்றுமை உருபு எப்போதும் ‘க்கு’ என்றுதான் முடியும், ‘க்கி’ என்று முடியாது என்ற எளிய உண்மை உறைத்தது. ‘லுக்கி’ என்று தேடினால் உலுக்கி, குலுக்கி, அலுக்கி மட்டுமே வருகின்றன. இறந்தகால வடிவம் இகரத்தில் வரும் எந்தத் தமிழ் வினைக்கும் இந்த உத்தி பயன்படும். அடக்கி, மடக்கி, திருப்பி என்று தொடரும் வினைகள் அனைத்துக்கும் இனி இப்படித்தான் தேடுவேன்.

212 அட்டைகள் சேர்ந்தன. ஒரே செய்தித் தலைப்பின் மறுபதிப்புகளை நீக்கியதும் 131 மிஞ்சின. மரம், கிளை 38; மனிதரின் தோள், கை 34; நாடு, ஊர், மனம், மனசாட்சி 31; நோய், குளிர், அழுகை ஆகியவை உலுக்கிய உடல் 17; கதவு, கம்பி, கம்பம் 11. தேடலும் அட்டை எழுதுவதும் சேர்ந்து 14 மணி நேரம்.

இப்படி உலுக்கப்படும் பொருளை வைத்துப் பிரித்ததுதான் இரண்டாவது வழித்தவறல். ஐந்து கட்டுகள் இருப்பதைக் கண்டதும் ஐந்து பொருள் இருப்பதாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதத் தொடங்கினேன்: மரத்தை உலுக்குவது “கனி உதிருமாறு ஆட்டுதல்”, ஆளை உலுக்குவது “விழிக்கச் செய்தல்”, நாட்டை உலுக்குவது “அதிர்ச்சி அளித்தல்” என்பது போல. எழுதி முடித்தபோது ஐந்து தனித்தனிச் சொற்களைப் படிப்பது போல இருந்தது. மாற்றிப் பொருத்திப் பார்த்தபோது அவையும் நிற்கவில்லை. “அந்தச் சிறுமியின் கேள்வி என் மனசாட்சியை உலுக்கியது” என்ற அட்டையில் ‘உலுக்கியது’ என்பதை எடுத்துவிட்டு ‘அதிர்ச்சி அளித்தது’ என்று வைத்துப் பாருங்கள், வாக்கியம் உயிரை விட்டுவிடுகிறது. அதிர்ச்சி வந்து போய்விடும். உலுக்கப்பட்ட மனசாட்சி முன்பு இருந்தபடி இருப்பதில்லை. மரத்திலிருந்து கனி விழுவது போல அதிலிருந்தும் ஏதோ விழுந்திருக்கிறது. அப்படியானால் மரமும் மனசாட்சியும் ஒரே கட்டில் இருக்க வேண்டியவை. ஆறு மணி நேர வேலையைக் கலைத்தேன்.

அடுத்து, பழைய நூல்களில் விடை இருக்கும் என்று நம்பிப் போனேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி வினைகளைத் தொழிற்பெயர் ஈற்றோடு ‘உலுக்கு-தல்’ என்ற முறையில் தலைச்சொல்லாக வைக்கிறது. அந்த முறை கற்பவர்களுக்கு உதவாது என்பதால் நான் ஏவல் வடிவத்தையே தலைச்சொல்லாகக் கொண்டு, பக்கத்தில் ‘உலுக்க, உலுக்கி’ என்று இரண்டு எச்சங்களைத் தருகிறேன். தொல்காப்பிய உரியியலில் “அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்” என்ற நூற்பா இருக்கிறது. அதிர், விதிர் என்ற இரண்டு வினைகளுக்கும் நடுக்கம் என்பதே பொருள் என்கிறது. அதே இயலின் தொடக்கத்தில் “பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி”, அதாவது தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லோடு சேர்த்து விளக்குவது என்று முறையும் சொல்லப்பட்டிருக்கிறது. நானும் அந்த முறையில்தான் முதல் வரியை எழுதியிருந்தேன். ஆனால் நடுக்கம் என்றால் என்ன என்று முழுமையாக அறிந்தவருக்கே அந்த முறை வேலை செய்யும். என் மாணவி ‘ஆட்டு’ என்பதை அறிவார், ஆனால் அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை அறியமாட்டார்.

பழைய நூல்களில் கிடைத்த ஒரு நல்ல அட்டை 1077ஆம் குறள். “ஈர்ங்கை விதிரார் கயவர்” என்று அது தொடங்குகிறது. உண்டு கழுவிய ஈரக் கையைக்கூட உதற மாட்டார்கள் என்று கஞ்சத்தனத்தின் எல்லையைக் காட்டுகிறது. அங்கே ‘விதிர்’ செய்த வேலையை இன்று ‘உதறு’ செய்கிறது. சொல் மாறினாலும் அந்தக் கையசைவு மாறவில்லை. இந்த அட்டையை உலுக்குக் கட்டில் வைக்க வழியில்லாமல் உதறுக் கட்டுக்கு அனுப்பினேன், ஆனால் பின்னால் வரும் சோதனைக்கு வித்து இதில்தான் இருந்தது: சொல்லின் பொருளைச் சொல்லில் தேடுவதை நிறுத்திவிட்டு, கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அப்போது தோன்றியது. இதற்கு ஐந்து மணி நேரம்.

அதற்கு முன், முதல் வரியை உடைத்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதரை உலுக்கும் 34 அட்டைகளில் ஒன்பதில் ‘மெல்ல’, ‘மெதுவாக’, ‘லேசாக’ என்ற அடைகள் இருந்தன. “தோளைத் தொட்டு மெல்ல உலுக்கினாள், அவர் கண்ணைத் திறக்கவில்லை.” இதில் ஒரு பிழையும் இல்லை. மெல்லவும் உலுக்கலாம் என்றால் ‘வேகமாக’ என்பது இந்த வினையின் பொருளுக்குள் இருக்க முடியாது. ‘திடீரென்று’ என்பதைப் பார்த்தேன். 131 அட்டைகளில் நான்கில் மட்டுமே அது இருந்தது. ஆனாலும் உலுக்குதல் என்றதும் எதிர்பாராமல் பற்றி அசைக்கும் உணர்வு மனத்தில் எழுகிறது. அதை யாரும் மறுக்க மாட்டார்கள். வேகம் இல்லாமலும் திடீரென்று என்ற அடை இல்லாமலும் அந்தத் திடீர்த் தன்மை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எஞ்சியிருந்த கேள்வி.

சொற்களை விட்டுவிட்டுச் செயல்களுக்கு வந்தேன். எட்டுச் செயல்களைச் செய்து, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் பத்து விநாடிக் காணொளியாகப் பதிவு செய்தேன். மூடி போட்ட பாட்டிலில் கால் பங்கு பயறு நிரப்பி மேலும் கீழும் அசைத்தேன். ஈரத்துண்டை ஒரு முனையில் பிடித்து வீசினேன். மண்ணில் ஊன்றிய கம்பத்தைப் பிடித்து அசைத்தேன். பூட்டிய இரும்புக் கதவையும், பின்னர் திறந்து கிடந்த அதே கதவையும் அசைத்தேன். கயிற்றில் தொங்கிய கூடையைத் தள்ளிவிட்டேன். காய்ந்த இலைகளோடு மரத்தில் இருந்த ஒரு கிளையைப் பிடித்து அசைத்தேன். அதே கிளையை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு அதே போல அசைத்தேன். பயறு எழுப்பும் ஓசை விடையைச் சொல்லிக் கொடுத்துவிடும் என்பதால் எல்லாக் காணொளிகளையும் ஒலியில்லாமல் காட்டினேன்.

கேள்வி கேட்பதில் ஒரு தவறு செய்தேன். முதல் இருவரிடம் “இதை உலுக்கினேனா, ஆட்டினேனா?” என்று கேட்டேன். நான் எந்தச் சொல்லைச் சற்று அழுத்திச் சொன்னேனோ அதையே இருவரும் திருப்பிச் சொன்னார்கள். அந்த விடைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, வேறு ஆறு பேரிடம் “இங்கே நான் என்ன செய்கிறேன்?” என்று மட்டும் கேட்டேன். எட்டுச் செயல், ஆறு பேர், 48 விடைகள். வெறும் ஆறு பேரை வைத்துப் பெரிய முடிவு எதையும் நிறுவ முடியாது. ஆனால் என் அட்டைகள் சொல்லாததை இந்த விடைகள் சொல்லின.

பாட்டிலுக்கு ஆறு பேரும் ‘குலுக்குகிறீர்கள்’ என்றார்கள். துண்டுக்கு ஆறு பேரும் ‘உதறுகிறீர்கள்’. ஊன்றிய கம்பத்துக்கு ஐந்து ‘உலுக்கு’, ஓர் ‘ஆட்டு’. பூட்டிய கதவுக்கு நான்கு ‘உலுக்கு’. திறந்து கிடந்த கதவுக்கு ஒன்றுகூட இல்லை, எல்லாம் ‘ஆட்டு’. கூடைக்கும் ‘ஆட்டு’தான். மரத்தில் இருந்த கிளைக்கு ஆறு பேரும் ‘உலுக்கு’ என்றார்கள். வெட்டிக் கையில் வைத்திருந்த அதே கிளைக்கு நான்கு பேர் ‘உதறு’ என்றார்கள், இருவர் ‘ஆட்டு’ என்றார்கள். ஒருவர்கூட ‘உலுக்கு’ என்று சொல்லவில்லை.

கிளை அதேதான். என் கையும் அதேதான். காணொளிகளை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். வேகத்தில் வேறுபாடு தெரியவில்லை, இலைகளும் இரண்டிலும் உதிர்ந்தன. மாறியது ஒன்றே: முதல் காணொளியில் கிளைக்கு ஒரு பிடிப்பு இருந்தது, இரண்டாவதில் இல்லை. பூட்டிய கதவுக்குப் பிடிப்பு இருந்தது, திறந்த கதவுக்கு இல்லை. தூங்குகிறவர் தூக்கத்தில் ஊன்றியிருக்கிறார். நாடு தன் வழக்கத்தில், மனசாட்சி தன் சமாதானத்தில் ஊன்றியிருக்கிறது. ‘உலுக்கு’ என்ற வினை கையின் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அசையாமல் நிலைகொண்டிருந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. அது அசையாமல் இருந்த காரணத்தால்தான் எவ்வளவு மெல்ல அசைத்தாலும் அது திடீரென்று அசைந்ததாகிறது. வேகத்தை அளந்துகொண்டிருந்த நான், அசைக்கப்படுவது அதற்கு முன் எந்த நிலையில் இருந்தது என்பதைக் குறித்து வைக்க எந்த அட்டையிலும் இடம் விடவில்லை.

தொட்டிலும் வாலும் பாட்டிலும் ஏன் தவறு என்பதற்கும் இப்போது விடை கிடைத்தது. தொட்டில் ஆடுவதற்காகவே தொங்குகிறது. வாலுக்கு நிலைகொள்வது இயல்பன்று. பாட்டிலில் அசைய வேண்டியது உள்ளே இருப்பது; வெளியே இருப்பது கையோடு போகிறது. உள்ளே தளர்வாகக் கிடப்பவற்றைக் கலக்கும் வேலை குலுக்கலுடையது, அதனால்தான் சீட்டைக் குலுக்குகிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலை முறையை நினைத்துக்கொண்டேன். ஓலைகளைக் குடத்தில் இட்டுக் கலந்து எடுக்கும் அந்தச் செயலை இன்றைய தமிழில் விவரிக்கச் சொன்னால் யாரும் குடத்தை உலுக்கியதாகச் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் அம்மா வந்து காணொளிகளைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்ததும் ‘உலுக்குற’ என்றவர், மரக்கிளைக்கு வேறு சொல் சொன்னார். “மரத்தைப் போய் யாருடா உலுக்குறதுன்னு சொல்வா? புளியை உலுப்புறதுன்னுதான் நாங்க சொல்லுவோம்.” உலுப்புதல் என்ற வடிவம் பேச்சில் வலுவாக இருக்கிறது, கனியை உதிரச் செய்வது என்ற பொருளில் அகராதிகளிலும் இருக்கிறது. அவரிடம் நாட்டை உலுப்பியது என்று சொல்லலாமா என்று கேட்டேன். “அது எப்படி? அதுல என்ன காயா விழுது?” என்றார். எழுத்துத் தமிழ் ஒரே வினையில் வைத்திருக்கும் இரண்டை அவருடைய பேச்சு இரண்டு வினைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. பதிவில் இதை வட்டார வழக்காக ஒரு வரியில் சேர்த்தேன். காணொளிச் சோதனைக்கு மொத்தம் ஏழு மணி நேரம்.

புதிய அளவுகோலோடு அட்டைகளுக்குத் திரும்பியபோது முன்பு கவனிக்காதவை கண்ணில் பட்டன. தமிழில் இத்தகைய வினைகள் பெரும்பாலும் இணையாக வரும்: தானே அசைந்தால் குலுங்கும், பிறர் அசைத்தால் குலுக்குவார், ஆடும், ஆட்டுவார், அலுங்கும், அலுக்குவார். “அலுங்காமல் குலுங்காமல் கொண்டு வா” என்று சொல்கிறோம். உலுக்குக்கு இணையாக ‘உலுங்கு’ என்று ஒன்று இருக்க வேண்டும். என் கோப்புகளில் ஒன்றும் அகப்படவில்லை. நிலைகொண்டிருப்பது தானாக அசையாது, யாரோ எதுவோ வந்து பற்ற வேண்டும் என்ற என் முடிவோடு இது பொருந்துவதால், மாணவிக்குச் சொல்ல ஒரு நல்ல குறிப்பு கிடைத்தது: வண்டி குலுங்கியது என்று எழுதலாம், மரம் உலுக்கியது என்று எழுதக் கூடாது.

நிலநடுக்கச் செய்திகளும் இதையே காட்டின. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் 7.8 அளவில் நிகழ்ந்த பேரழிவு பற்றிய அட்டைகளை எடுத்து வைத்துப் படித்தேன். பூமி என்ன செய்தது என்று சொல்லும்போது ‘நிலம் நடுங்கியது’, ‘பூமி அதிர்ந்தது’ என்று தன்வினை வருகிறது. நிகழ்வின் பெயரும் நிலநடுக்கம், நில அதிர்வு என்றே அமைகிறது. அது மக்கள் வாழும் இடத்துக்கு என்ன செய்தது என்று சொல்லும்போது ‘துருக்கியை உலுக்கிய நிலநடுக்கம்’ என்று வினை மாறிவிடுகிறது. நிலம் நடுங்குகிறது, ஊர் உலுக்கப்படுகிறது. வீடுகளும் உறக்கமும் நிலைகொண்டிருந்த ஓர் இடம் பிடித்து அசைக்கப்பட்டதை அந்த ஒரு வினை சொல்லிவிடுகிறது, உயிரிழப்பைப் பற்றிய செய்தியில் அதை எழுதுகிறவர்கள் அலங்காரத்துக்காக எழுதவில்லை என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல் ‘உலுக்கி எடு’. “காய்ச்சல் என்னை உலுக்கி எடுத்துவிட்டது” என்பதில் ‘எடு’ துணைவினை. தீவிரத்தைக் கூட்டுகிறது, எதையும் எடுப்பதில்லை. “சீட்டைக் குலுக்கி எடுத்தார்கள்” என்பதில் ‘எடு’ முதன்மை வினை. உண்மையிலேயே ஒரு சீட்டை எடுக்கிறார்கள். இரண்டும் ஒரே வடிவத்தில் இருப்பதால் கற்பவர் குழம்புவார். இதை விளக்கப் போய் நான்கு வரி நீண்டது. பிறகு இரண்டு எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துவிட்டு விளக்கத்தை நீக்கினேன். ‘ஓர் உலுக்கு உலுக்கினான்’ என்று ஒரே ஒரு முறை செய்ததைச் சொல்லும் வழக்கையும் சேர்த்தேன். ‘ஒரு குலுக்குக் குலுக்கினான்’, ‘ஓர் உதறு உதறினான்’ என்பவையும் இதே அச்சில் வார்த்தவை.

ஏழாவது வரைவு இப்படி வந்தது:

“உலுக்கு (உலுக்க, உலுக்கி). 1. ஊன்றியோ, பூட்டியோ, உறங்கியோ அசையாமல் இருக்கும் ஒன்றைப் பிடித்து, அது இருக்கும் இடத்திலேயே அசை. ‘கிளையை உலுக்கியதும் நெல்லிக்காய்கள் உதிர்ந்தன.’ ‘தோளை மெல்ல உலுக்கி எழுப்பினாள்.’ ‘பூட்டிய கதவை உலுக்கிப் பார்த்தான்.’ 2. (நோய், செய்தி, நிகழ்ச்சி முதலியன) நிலையாக இருந்த ஒன்றை ஆட்டங்காணச் செய். ‘குளிர்காய்ச்சல் உடம்பை உலுக்கி எடுத்தது.’ ‘அந்தக் கேள்வி என் மனசாட்சியை உலுக்கியது.’ தொட்டில், ஊஞ்சல், வால் – ஆட்டு. பாட்டில், சீட்டு – குலுக்கு. துணி, ஈரக் கை – உதறு.”

வரைவுகளுக்கு ஆறு மணி நேரம், சரிபார்க்க மூன்று. கடைசி வரியில் உள்ள மூன்று விலக்குகளை முதலில் சேர்க்க மனம் வரவில்லை. பொருள் சரியாக இருந்தால் விலக்கு தேவைப்படாது என்று எண்ணினேன். ஐந்தாவது வரைவைப் படித்த மாணவி, “பூட்டியிருந்த பெட்டியை உலுக்கிப் பார்த்தேன், உள்ளே ஏதோ சத்தம் கேட்டது” என்று எழுதினார். பெட்டி பூட்டியிருக்கிறது, ஆனால் அசைகிறவை உள்ளே இருக்கின்றன. அங்கே குலுக்கு வர வேண்டும். பொருள் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பக்கத்து வீட்டுச் சொல் எது என்று காட்டாவிட்டால் எல்லை தெரியாது என்பதை அந்த வாக்கியத்தில்தான் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த வினைக்கு என் முறையில் மூன்றை மாற்றிக்கொள்கிறேன். அட்டைகளைத் தொடுவதற்கு முன்பே காணொளிச் சோதனையைச் செய்வேன். ஏழு மணி நேரத்தில் கிடைத்த விடைக்காக 25 மணி நேரம் வேறிடத்தில் தேடியிருக்கிறேன். அட்டையின் மூன்றாவது மூலையில், வினை நிகழ்வதற்கு முன் அந்தப் பொருள் எந்த நிலையில் இருந்தது என்று எழுதுவேன். மாணவியின் தவறான வாக்கியங்களை இதுவரை திருத்தியதும் கிழித்துப் போட்டு வந்தேன். இனி அவற்றுக்குத் தனி நிற வளையம்.

நேற்று மாலை ஏழாவது வரைவுக்கு அவர் எழுதித் தந்த ஐந்து வாக்கியங்களில் நான்கை அப்படியே கையேட்டில் சேர்த்துக்கொண்டேன். ஐந்தாவது இது: “பேருந்தில் தூங்கிவிட்டேன்; பக்கத்தில் இருந்த பாட்டி என்னை உலுக்கி, ‘எறங்கற எடம் வந்துருச்சும்மா’ என்றார்.” பேருந்து குலுங்கியபோது விழிக்காத தூக்கம் பாட்டி உலுக்கியதும் கலைகிறது. முதல் பொருளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என் 131 அட்டைகளில் இல்லை. ‘தோளை மெல்ல உலுக்கி’ என்ற என் வாக்கியத்தை எடுத்துவிட்டு இதை அங்கே வைத்தேன். அடுத்த வினை ‘குலுங்கு’. பூத்துக் குலுங்கும் செடியில் அசைவு எங்கே இருக்கிறது என்று அவர் இப்போதே கேட்டிருக்கிறார்.